சும்மா கிடக்குதுன்னு யாருங்க சொன்னது?

எங்க ஊர்ப் பக்கம் நிலம் பார்க்க வர்ற நகரத்து ஆளுங்ககிட்ட ஒரு வாக்கியம் தவறாம இருக்கும். காரை ரோட்டோரம் நிறுத்திட்டு, கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துட்டுக் கேட்பாங்க: "இந்த இடம் சும்மாதானே கிடக்குது?" மாசி, பங்குனியில வந்தா கேள்வி இன்னும் சுருங்கிடும். "ஏங்க இப்படிக் காய்ஞ்சு போச்சு? நாலு மரம் வெச்சா என்ன?"

கேட்கிறவங்க மேல எனக்குக் கோபம் இல்லைங்க. பள்ளிக்கூடத்துல இருந்து மரம்தான் இயற்கைன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஆனா இப்போ எங்க காட்டை ஒட்டின 9 ஏக்கர் கைமாறப் போகுது. வாங்கறவர் நல்ல மனுஷர். "நான் மனை போட வரலைங்க. இதைப் பெரிய காடாக்கப் போறேன். 5,000 மரம்" என்று சந்தோஷமாச் சொன்னார். மனை போட வர்றவர்கிட்ட மல்லுக்கு நிற்கலாம். மரம் வைக்கிறேன்னு வர்றவர்கிட்ட எப்படிங்க மல்லுக்கு நிற்கிறது? அவர்கிட்ட அரை மணி நேரத்துல சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதறேன்.

முதல்ல ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துடலாம். கொங்குப் பக்கம் "காடு"ன்னா நீங்க நினைக்கிற காடு இல்லை. கிணத்துத் தண்ணி பாயற நிலம் தோட்டம். வானம் பார்த்த நிலம் காடு. அந்த மானாவாரி நிலத்துலயும், வெள்ளாமைக்குன்னு இல்லாம மாடும் ஆடும் மேயறதுக்குன்னே வேலி கட்டி விட்டிருக்கிறது கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோயில், மூலனூர், தாராபுரம், அந்தாண்டை கரூர் வரைக்கும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நீங்க பார்க்கிறது பெரும்பாலும் இதுதான். மேற்கு மலை மழையைப் பிடிச்சு வெச்சுக்கிற மறைவுல இருக்கிற ஊர்கள் இவை. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் பெய்ஞ்சா நல்ல வருஷம். மீதி நாள் பூரா வெயிலும், பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஆடிக்காத்தும்தான்.

இந்த நிலத்துல எதை வெச்சாப் பிழைக்கலாம்னு எங்க பாட்டன் பூட்டன் பல தலைமுறையாப் பார்த்து, மூணே மூணுல வந்து நின்னாங்க. தரையில கொழுக்கட்டைப் புல்லு. மேலே அங்கொண்ணு இங்கொண்ணா வெள்வேல மரம். சுத்தி முள்கிளுவை வேலி.

கிளுவையைப் பத்தி ஒரு பதிவே எழுதலாம். போத்தை வெட்டி மழைக்கு முன்னாடி நட்டு விட்டாப் போதும், வேர் பிடிச்சுக்கும். கோடையில இலையை உதிர்த்துட்டுச் செத்த மாதிரி நிற்கும். ஒரு மழை விழுந்தா ரெண்டு நாள்ல பச்சை. நாலஞ்சு ஏக்கருக்கு ஒரு வேலின்னு பிரிச்சு வெச்சு, ஒரு காட்டுல மேய்ச்சல் முடிஞ்சதும் அடுத்த காட்டுக்கு மாட்டை மாத்தி விடுவோம். படலைச் சாத்திட்டா மேய்க்கிற ஆளே தேவையில்லை. கம்பி வேலிக்கு ஆகிற காசைக் கணக்குப் பார்த்தா, எங்க அப்பாரு நட்டு வெச்ச கிளுவை எனக்கு எத்தனை லட்சம் மிச்சம் பண்ணியிருக்குன்னு தெரியும்.

வெள்வேலத்தோட நிழல் சல்லடை நிழல். கீழே புல்லு வரும். பங்குனி, சித்திரையில தரையில ஒண்ணும் இல்லாதப்ப, அதோட நெத்து உதிரும். அதைப் பொறுக்கித் தின்னுதான் செம்மறி ஆடு கோடையைத் தாண்டுது. ஏக்கருக்குப் பத்து, இருபது மரம் போதும். நெருக்கி வெச்சாப் புல்லு போயிடும். எங்களுக்கு மரம் மேல வெறுப்புன்னு யாரும் நினைச்சுக்க வேண்டாம். எத்தனை மரம், எங்கேங்கறதுதான் கணக்கு.

கொழுக்கட்டைப் புல்லு இருக்கே, அதுதான் இந்தக் காட்டோட முதலாளி. மரத்துக்கும் புல்லுக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. செடியோட நுனியைக் கிள்ளினா அந்தக் கிளை நின்னு போகும். புல்லுக்குக் குருத்து தரையை ஒட்டி இருக்கு. மாடு மேலே கடிச்சாலும் குருத்துக்குச் சேதாரம் இல்லை. கடிக்கக் கடிக்க அடியில இன்னும் நாலு தூர் வெடிக்கும். அளவா மேய்ச்சாத்தான் புல்லு தழைக்கும். மேய்க்காம விட்டா பழைய தாள் மேலே மூடி, அடியில வெளிச்சம் போகாம நரைச்சுப் போயிடும். விதையும் விவரமானது. இன்னைக்கு உதிர்ந்தது நாளைக்கே முளைக்காது, சில மாசம் தூங்கும். அகாலத்துல வர்ற ஒரு தூறலை நம்பி ஏமாற மாட்டேங்குது. சில வருஷத்துக்கு ஒருக்கா உழுது கொள்ளோ சோளமோ விதைச்சு விட்டா, மண்ணு இளகி அடுத்த மழைக்குப் புல்லு புதுசா எழும்பும்.

அது மட்டும் தனியா நிற்கிறதில்லை. ஐப்பசி மழை ஒரு தடவை நல்லா இறங்கினதும் உக்காந்து தரையைப் பாருங்க. நரிப்பயறு கொடி ஓடும். செப்புநெருஞ்சி பாய் விரிச்ச மாதிரி படரும். கொழுஞ்சி, விஷ்ணுகிராந்தி, தும்பை, ஊசிப்புல்லு, அருகு, வேலியோரம் பிரண்டை, சங்கஞ்செடி, ஆவாரை. பயறு வகைச் செடிங்க வேர்முடிச்சுல தழைச்சத்தைச் சேர்க்கும். எந்தச் செடியை எந்த மாடு முதல்ல கடிக்கும்னு பார்த்தே அதுக்கு என்ன குறைன்னு சொல்ற பெரியவங்க இன்னும் ரெண்டு மூணு பேர் எங்க ஊர்ல இருக்காங்க.

இதுல வாழற உயிர்கள் மரத்தைத் தேடி வந்ததுங்க இல்லை. கௌதாரி, காடை, ஆள்காட்டி, வானம்பாடி எல்லாமே தரையில முட்டை வைக்கிற ஜாதி. ஆள்காட்டி கூடுன்னு ஒண்ணும் கட்டாது. நாலு கல்லுக்கு நடுவுல கல்லு மாதிரியே முட்டையை வெச்சுட்டு, நீங்க கிட்டப் போனா ஊரையே கூட்டும். அதுக்கு வேணுங்கறது நாலா பக்கமும் தூரத்துல என்ன வருதுன்னு தெரியற வெட்டவெளி. மாடு நடக்க, புல்லுல இருந்து வெட்டுக்கிளி கிளம்பும். அதைப் பிடிக்க மாட்டு முதுகுல கரிச்சான், காலடியில உண்ணிக்கொக்கு. சாணி விழுந்த கொஞ்ச நேரத்துல உருட்டற வண்டு வந்துடும். அது சாணியைப் புதைக்கிற வேலைக்கு நான் ஒருத்தருக்கும் கூலி கொடுக்கிறதில்லை.

குளிர்காலத்துல பூனைப்பருந்து வரும். மத்திய ஆசியாவுல இருந்து வர்ற விருந்தாளி. புல்லு நுனிக்கு ஒரு ஆள் உயரத்துல, றெக்கையை அசைக்காம, அப்படி இப்படிச் சாய்ஞ்சு சாய்ஞ்சு மிதந்துட்டே போகும். ராத்திரி அது தங்கறது மரத்துல இல்லைங்க, புல்லுக்குள்ள, தரையில. அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, போன வருஷம் படுத்த புல்லுல சவுக்குத் தோப்பு நிற்கிறதைப் பார்த்தா அது எங்கே போகும்?

கானமயில்னு ஒரு பறவை. கேள்விப்பட்டிருப்பீங்க. நெஞ்சு நிமிர்த்தி நடக்கிற பெரிய உருப்படி, வெட்டவெளிப் பறவை, தரையில ஒத்தை முட்டை வைக்கும். இன்னைக்கு நாடு முழுக்க எண்ணினாலும் இருநூறு தேறாது, அதுலயும் பெரும்பகுதி ராஜஸ்தான்ல. தமிழ்ல பேரு மிச்சம் இருக்கு, தமிழ்நாட்டுல பறவை மிச்சம் இல்லை. யானைக்கும் புலிக்கும் காடு வேணும்னு எல்லாருக்கும் தெரியுது. புல்வெளியில வாழற ஒண்ணுக்கு வீடு போனா அது செய்தியாக்கூட வர்றதில்லை, ஏன்னா அது வீடுன்னே நமக்குத் தோணலை.

இப்போ நகரத்து நண்பர்களுக்கு உரிமையோட ஒரு கேள்வி. 2017 ஜனவரியில மெரினாவுல ராத்திரி பகலா உக்காந்தீங்களே, யாருக்காக? காளைக்காக. உங்க பனியன்ல இருந்த படத்துல பாதிக்கு மேல காங்கேயம் காளைதான். அதுக்கப்புறம் நாட்டு மாட்டுப் பால், நெய், சாணம், கோமியம்னு எல்லாத்துக்கும் ஒரு மவுசு வந்தது. சந்தோஷம். ஆனா அந்தக் காளை என்ன தின்னு அந்த எலும்பும் திமிலும் வந்ததுன்னு யாராவது கேட்டீங்களா? பழையகோட்டை பட்டக்காரர் குடும்பம் பேர் வாங்கின மாட்டு ரகம் அது. சிவப்பாப் பிறந்த கன்னு ஆறு மாசத்துல வெளுத்து மயிலையாகி, காளையானா தோளும் திமிலும் கறுத்து நிற்கும். அந்த ரகம் தொழுவத்துல உருவாகலை. கொறங்காட்டுல, மழை நனைஞ்சு, வெயில் காய்ஞ்சு, கொழுக்கட்டையும் நெத்தும் தின்னு உருவாச்சு. புல்லை எடுத்துட்டு மாட்டை மட்டும் வெச்சுக்கிறது, தண்ணியை இறைச்சுட்டு மீனை வெச்சுக்கிற மாதிரி. கட்டுத்தரையில கட்டி, மூட்டைத் தீவனம் போட்டு வளர்க்கலாம்தான். அந்தச் செலவுக்கு ரெண்டு மூணு லிட்டர் கறக்கிற மாடு கட்டுபடி ஆகாது. அப்புறம் கண்ணபுரம் சந்தைக்கு மாட்டைப் பிடிச்சுட்டுப் போறவன், திரும்பி வரும்போது பணத்தோட வருவானே தவிர மாட்டோட வர மாட்டான்.

இந்தச் "சும்மா"ங்கற சொல்லுக்கு அரசாங்கக் காகிதத்துல ஒரு பேரு இருக்கு. தரிசு. வெள்ளைக்காரன் காலத்துல நிலத்தை அளந்தப்ப, வரி வர்றது ஒரு பக்கம், வராதது ஒரு பக்கம். புல்லு வராத பக்கம் போச்சு. சுதந்திரம் வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கண்ணாடியை நாம கழட்டலை. 2000ல இருந்து நாட்டோட பாழ்நிலத்துக்குன்னே வரைபடத் தொகுப்பு போடறாங்க. புதர் நிலமும், தேய்ஞ்ச மேய்ச்சல் நிலமும் அதுல பாழ்நிலக் கணக்குலதான் வரும். ஒரு நிலத்துக்குப் பாழ்னு பேரு வெச்சுட்டா அதுல எதைக் கொண்டுவந்து வெச்சாலும் முன்னேற்றம்தான். சோலார் பலகை வெச்சாலும் முன்னேற்றம், தைலமரம் வெச்சாலும் முன்னேற்றம். வேடிக்கை என்னன்னா, ஐக்கிய நாடுகள் சபை 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டுன்னு அறிவிச்சிருக்கு. எங்க ஊர்ல ஆடு மேய்க்கிற அம்மாகிட்டச் சொன்னேன். "அந்தச் சபையில சொல்லி இந்த நாய்ங்களைப் பிடிக்கச் சொல்லு சாமி"ன்னாங்க.

அவங்க சொன்னது கிண்டல் இல்லை. காங்கேயம், வெள்ளகோயில் பக்கம் பட்டியில அடைச்ச ஆட்டைத் தெருநாய்க் கூட்டம் குதறிப் போடறது இப்போ அடிக்கடி நடக்குது. நஷ்டஈடு கேட்டு விவசாயிங்க செத்த ஆட்டோட ரோட்டுல உக்காந்ததைப் பேப்பர்ல பார்த்திருப்பீங்க. முன்னே குள்ளநரி ஊளை கேட்ட இடத்துல இப்போ நாய்க் குரைப்பு. கோழிக்கழிவையும் கல்யாண மண்டப எச்சிலையையும் ரோட்டோரம் கொட்டினா நாய் பெருகாம என்ன பண்ணும்? நரி எலியையும் நண்டையும் பழத்தையும் தின்னுட்டுத் தன்பாட்டுல இருந்துச்சு. மயில் இவ்வளவு பெருகினதுக்கு, அதோட முட்டையைத் தின்ன நரி இல்லாமப் போனதும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். இதைச் சொன்னா என்னை மயிலுக்கு விரோதின்னு முகநூல்ல திட்டறாங்க. திட்டட்டும், அவங்க வீட்டு நிலக்கடலையை அது கிளறலையே.

புல்வெளியைச் சும்மா கிடக்கிறதுன்னு நினைச்சுத் தொலைச்சது நாம மட்டும் இல்லை. அமெரிக்காவோட நடுவுல பிரெய்ரின்னு ஒரு புல் சமுத்திரம் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல வளர்ற புல்லு, பைசன் மந்தை. அங்கே இருந்த பூர்வகுடிங்க அப்பப்போ நெருப்பு வெச்சு மரம் ஏறாமப் பார்த்துக்கிட்டாங்க. அந்தப் புல்லோட வேர் ரெண்டு மீட்டருக்கும் கீழே போகும். சாதாரணக் கலப்பையில மண்ணு ஒட்டிக்கிட்டு உழவே முடியாம இருந்துச்சு. 1837ல இல்லினாய்ஸ்ல ஜான் டீர்ங்கற கொல்லர் மண்ணு ஒட்டாத எஃகுக் கலப்பை செஞ்சார். இன்னைக்கு எங்க ஊர்ல ஓடற பச்சை டிராக்டர்ல இருக்கிறது அவர் பேருதான். அதுக்கப்புறம் நூறு வருஷம் போதுமா இருந்துச்சு. உயரப் புல் பிரெய்ரியில நூத்துக்கு நாலு பங்கு தேறினா அதிகம், மீதி எல்லாம் மக்காச்சோளமும் சோயாவும். இப்போ அவங்களே ஒவ்வொரு விதையாப் பொறுக்கி மறுபடி புல்லு விதைக்கிறாங்க. தொலைச்சதைத் தேடறது எவ்வளவு செலவுன்னு அவங்களைக் கேட்கணும்.

இன்னொண்ணும் சொல்லணும், இல்லேன்னா நேர்மையா இருக்காது. நம்ம கொழுக்கட்டைப் புல்லையே அமெரிக்கா மேய்ச்சலுக்குன்னு கொண்டுபோச்சு. அங்கே அரிசோனா பாலைவனத்துல அது களையாப் பரவி, காய்ஞ்சு, தீப்பிடிச்சு, நூறு வருஷம் நின்ன பெரிய கள்ளிகளைக் கருக்குது. நம்ம சீமைக்கருவேலமும் அதே கதைதான், எதிர்ப்பக்கமா. 1870கள்ல விறகுக்குன்னு இந்தியாவுக்கு வந்தது. மாடு ஆடு நெத்தைத் தின்னு சாணியில விதை போட்டு, கேட்பாரில்லாத கொறங்காட்டுல எல்லாம் அது இன்னைக்குப் புகுந்தாச்சு. புல்லுன்னா நல்லது, மரம்னா கெட்டதுன்னு நான் சொல்ல வரலை. எது எந்த மண்ணுக்குச் சொந்தம்னு பார்க்கச் சொல்றேன், அவ்வளவுதான்.

பிரெய்ரியில இருந்து எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு சங்கதி: அங்கே புல்லுக்கு நடுவுல ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குட்டைகள் உண்டு. வட அமெரிக்காவோட வாத்துகள்ல பாதிக்கு மேல அந்தப் பகுதியிலதான் குஞ்சு பொரிக்குது. ஆனா அதுல பல வாத்துங்க கூடு வைக்கிறது தண்ணியில இல்லை, தண்ணியை ஒட்டின புல்லுல. குட்டையை விட்டு வெச்சு புல்லை உழுதாலே வாத்து குறைஞ்சு போகும். நம்ம ஊர்ப் புள்ளிமூக்கு வாத்தும் அப்படித்தான், கரையோரப் புல்லுலயோ புதர் அடியிலயோ தரையிலதான் முட்டை வைக்கும்.

இதை ஏன் இழுக்கிறேன்னா, நகரத்து ஆளுங்க எங்க ஊர்க் குளத்தைப் பார்த்தும் இதே மாதிரிதான் பேசறாங்க. திருப்பூர்ல நஞ்சராயன் குளம்னு ஒண்ணு இருக்கு. ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம், நல்லாறு வந்து சேர்ற இடம். சர்க்கார் பெரியபாளையம் ஏரின்னும் சொல்லுவாங்க. சுமார் 125 ஹெக்டேர். 2022ல பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2024 ஆகஸ்ட்ல ராம்சார் பட்டியலுக்குள்ள போச்சு. இத்தனை பனியன் கம்பெனிக்கு நடுவுல இப்படி ஒரு இடம் மிஞ்சியிருக்கிறது பெரிய விஷயம். அங்கே வர்ற பறவைகள்ல ஒண்ணு வரித்தலை வாத்து. இமயமலையைத் தாண்டி வர்ற பறவை. அது என்ன திங்குது தெரியுங்களா? மீன் இல்லை. புல்லு! தண்ணியில உக்காந்து இளைப்பாறும், கரையேறி வந்து மாடு மாதிரி புல்லு மேயும். தண்ணி மட்டும் இருந்து கரையில புல்லு இல்லேன்னா அதுக்கு அது குளமே இல்லை.

குளம்ங்கறது வருஷம் பூரா ஒரே உருவத்துல இருக்கிறது இல்லைங்க. கார்த்திகையில நிறைஞ்சு நிற்கும். தை, மாசியில தண்ணி மெல்ல மெல்லப் பின்வாங்கும். அது விட்டுட்டுப் போற ஈரச் சேத்துல உள்ளான் வந்து அலகால குத்திக் குத்திப் புழு எடுக்கும். முழங்கால் தண்ணியில மஞ்சள்மூக்கு நாரை வாயைத் திறந்து வெச்சுத் துழாவும். சேறு காய்ஞ்ச இடத்துல அருகும் கோரையும் பொடிசா எழும்பும். அங்கே எங்க மாடு மேயும், வாத்தும் மேயும். ஆழத்துல நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், கூழைக்கடா. சம்புப் புதருக்குள்ள நீலத் தாழைக்கோழி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆழம், ஒரு மாசம்.

இந்தச் சரிவுக் கரையைத்தான் நாம முதல்ல அழிக்கிறோம். தூர்வாரறோம்னு பொக்லைன் விட்டு, நாலு பக்கமும் செங்குத்தா வெட்டி, குளத்தைக் கிண்ணம் மாதிரி ஆக்கிடறாங்க. தண்ணி நிறையப் பிடிக்கும், உண்மை. ஆனா சேறும் இல்லை, புல்லும் இல்லை, நாரைக்குக் கால் ஊன்ற இடமும் இல்லை. அப்புறம் கல் பதிச்சு, நடைபாதை போட்டு, விளக்கு வெச்சு, "ஐ லவ்"னு எழுதி ஒரு பலகை. குளம் அழகாயிடுச்சுன்னு படம் எடுத்துப் போடறோம். தூர் வாருங்க, வேண்டாம்னு சொல்லலை. மண்ணு எங்களுக்கும் வேணும். ஒரு பக்கத்துக் கரையையாவது சரிவா, அழுக்கா விட்டு வையுங்க.

குளத்துக்குள்ள மரமும் அப்படித்தான். ஏரி உள்வாயில கருவேலம் வெச்சது நம்ம ஊர்ல பழைய பழக்கம். விறகும் வருமானமும் வந்தது. அந்த மரத்துல கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுது, அதை நான் மறுக்கலை. ஆனா கூடு கட்ட மரம் தேடற பறவை வேற, மொட்டைக் கரையில மேயற பறவை வேற. ரெண்டு மூணு திட்டுல மரம் போதும். உள்வாய் முழுக்க மரமாயிட்டா, வெளியில இருந்து பார்க்கப் பச்சையா இருக்கும், இமயமலையைத் தாண்டி வந்தவன் இறங்க இடம் இல்லாமத் திரும்பிப் போவான்.

கொறங்காடும் குளமும் தனித்தனிக் கதை இல்லைங்க. எங்க காட்டுல விழற மழை, புல்லுத் தூர்ல தட்டித் தட்டி நின்னு, பாதி மண்ணுக்குள்ள இறங்கி, மீதி தெளிஞ்ச தண்ணியாப் பள்ளத்துக்குப் போகும். பள்ளம் குளத்துக்குப் போகும். மேட்டுல புல்லை எடுத்துட்டு வெறும் மண்ணா விட்டாலோ, தார் ரோடு போட்டு மனை பிரிச்சாலோ, அதே மழை பத்து நிமிஷத்துல சேத்தைத் தூக்கிட்டுக் குளத்துல போய் விழும். அப்புறம் தூர்வார நிதி ஒதுக்குவோம். இதுல சாயத்தண்ணி வேற. நொய்யல்ல 1992ல பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கற இடமாப் போனது ஊரறிஞ்ச கதை. 2011ல உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வரைக்கும் போச்சு. அந்தத் தண்ணி பாஞ்ச தோட்டத்துல தென்னை கருகினப்ப, பக்கத்துக் கொறங்காட்டுப் புல்லுதான் கொஞ்சம் மாடுகளையாவது பிழைக்க வெச்சது.

"மரம் வெச்சா மழை வரும், கார்பன் பிடிக்கும்"னு அந்த நண்பர் சொன்னார். புல்லும் பிடிக்கும்ங்க, ஆனா அது தன் சேமிப்பைத் தரைக்குக் கீழே வேர்ல வெச்சிருக்கு. மேலே இருக்கிறது காய்ஞ்சாலும் மேய்ஞ்சாலும் கீழே இருக்கிறது பத்திரம். 600 மில்லிமீட்டர் மழையில 9 ஏக்கர்ல 5,000 மரம் நிற்கணும்னா அதுக்கு ஆழ்குழாய்க் கிணறு போடணும். ஏற்கெனவே ஆயிரம் அடிக்குப் போனாலும் புகை வர்ற ஊர்ல, புல்லுக்குத் தேவைப்படாத தண்ணியை மரத்துக்கு இறைச்சு ஊத்தி, அதுக்கு இயற்கைப் பாதுகாப்புன்னு பேரு வைக்கிறது எனக்குப் பிடிபடலை. மியாவாக்கி முறையில நெருக்கி நடறதெல்லாம் நகரத்துல வெறும் சிமெண்ட் தரையா இருக்கிற இடத்துக்குச் சரி. உங்க அபார்ட்மெண்ட் பின்னாடி வையுங்க, நானே வந்து குழி வெட்டித் தர்றேன். விடுமுறைக்கு வர்ற பிள்ளைங்க விதைப்பந்தைக் கொறங்காட்டுக்குள்ள வீசறதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. அதுல என்ன விதை இருக்குன்னு வீசறவங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

நண்பர்கிட்ட நான் கேட்டது இவ்வளவுதான். வேலியோரமும் கிணத்து மேட்டுலயும் ஒரு ஏக்கர் அளவுக்கு வேம்பு, ஊஞ்சை, வாகைன்னு இந்த மண்ணு மரமா வையுங்க. மீதி 8 ஏக்கர்ல சீமைக்கருவேலத்தை வேரோட எடுத்துட்டு, ஒரு மழைக்கு கொள்ளு விதைச்சு, புல்லை வர விடுங்க. கிளுவையை வெட்டிட்டுக் கம்பி வேலி போடாதீங்க. அந்த வேலிக்குள்ள தவிட்டுக்குருவி, ஓணான், கீரி, கௌதாரின்னு ஒரு ஊரே குடியிருக்கு. வருஷக் குத்தகைக்கு யாராவது மாடு கட்டறவனுக்கு மேய்ச்சலுக்கு விடுங்க. குத்தகைக் காசு பெரிசா வராது. ஆனா செலவும் வராது. பட்டியில ஆடு அடைஞ்ச எருவு நிலத்துக்குத்தான்.

இதை எங்க ஆளுங்களுக்கும் சொல்றேன். நகரத்துக்காரரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, விக்கிறது யாருங்க? நாமதானே. மகன் கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கான், மாட்டைப் பார்க்க ஆளில்லை, ஆட்டை நாய் கடிக்குது, ஏக்கருக்கு மூட்டை மூட்டையாப் பணம் தர்றேங்கறாங்க. விக்காம என்ன செய்வாங்க? நெல்லுக்குக் கடன் உண்டு, கரும்புக்குக் கடன் உண்டு. புல்லு வெச்சிருக்கிறவனுக்கு வங்கியில ஒரு பேரும் இல்லை, ஏன்னா காகிதத்துல அது தரிசு. வறட்சிக்கு நிவாரணம் எழுதறப்பக்கூட "என்ன பயிரு?"ன்னு கேட்பாங்க. புல்லுன்னு சொன்னா எழுத கட்டம் இருக்காது. அந்த ஒரு கட்டத்தைப் படிவத்துல சேர்க்கச் சொல்லி உங்கள்ல யாராவது எழுதினாலே, பத்தாயிரம் விதைப்பந்தைவிட எங்களுக்குப் பெரிய உதவி.

நண்பர் யோசிக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். பத்திரம் தை மாசம் பதியறதாப் பேச்சு. அதுக்கு முன்னாடி கார்த்திகையில ஒருதரம் குடும்பத்தோட வந்து காட்டுக்குள்ள நடந்து பார்க்கிறேன்னார். உங்களுக்கும் அதேதான் சொல்றேன். வர்றதா இருந்தா கார்த்திகையில, காலையில ஏழு மணிக்கு முன்னாடி வாங்க. பூனைப்பருந்து வெயில் ஏறினா உயரப் போயிடும். முழுக்கால் சட்டை போட்டுக்கோங்க, கொழுக்கட்டை விதை ஒட்டும். காரை ரோட்டுலயே விட்டுடுங்க. உள்ளே வந்ததும் மறக்காமப் படலைச் சாத்துங்க, செவலைக் கிடாரி ஒண்ணு இருக்கு, திறந்திருந்தா நேரா சோளக்காட்டுக்குத்தான் போவா.